சிரிக்கும்போது வாயை மூடுற ஊருக்கு என்ன ஸ்டார்ட்-அப்?

நான் பொறந்தது தர்மபுரிப் பக்கம். எங்க ஊர்ல பலபேர் சிரிக்கும்போது கையால வாயை மறைச்சுக்குவாங்க. வெட்கம்னு நினைச்சுடாதீங்க மக்களே. நிலத்தடி நீர்ல இருக்கிற புளோரைடு பல்லுல போட்ட காவிக்கறை. பல் உருவாகிற வயசுல குடிச்சது, ஆயுசுக்கும் தேய்ச்சாலும் போகாது. தண்ணியக் கொதிக்க வச்சும் பிரயோஜனம் இல்லை; வத்த வத்த புளோரைடு கூடத்தான் செய்யும். ஜப்பான் கடனுதவியோட ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-ல வந்துச்சு. நல்ல விஷயம். ஆனா குழாய்ல தண்ணி வராத அன்னிக்கு போர்வெல்தானே கதி?

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வளர்ந்துவரும் தொழில்நுட்பத்துக்குன்னே அண்ணா பல்கலைக்கழக வளாகத்துல 2023-ல ஐடிஎன்டி மையம் ஆரம்பிச்சாங்க. ஸ்டார்ட்-அப் டிஎன்னோட 'டான்சீட்' திட்டத்துல 10 லட்சம், சிலருக்கு 15 லட்சம் தொடக்க நிதி. வேணாம்னு சொல்ல நான் யாரு? என் சண்டை வேற. நம்ம பசங்க விண்ணப்பம் போடணும், அவங்க பார்த்துத் தேர்ந்தெடுக்கணும். இது தலைகீழா இல்ல? அவங்கதான் இங்க வந்து, "தண்ணியில புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினா வீட்லயே காட்டுற மலிவான கருவி வேணும், செஞ்சு கொடுத்தா பஞ்சாயத்து வாங்கிக்கும்"னு அறிவிக்கணும்.

எத்தனை கம்பெனிக்குப் பணம் கொடுத்தீங்கங்கிற கணக்கு எனக்கு வேணாம் சாமி. எத்தனை புள்ளைங்க வாயை மறைக்காம சிரிக்குதுன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன்.