ஒப்படைக்கு ஒரு மாரித் தொங்கல்



ஊர்காவற்றுறையில் என் பக்கத்து வீட்டுத் தங்கச்சி, கருவாடு விற்று மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்ப்பவர். "குளிர்காலத் தொங்கல் ஒப்படையாம் அக்கா. பஞ்சுக்கும் றெஜிபோமுக்கும் காசுக்கு எங்கே போக?" என்று கேட்டார்.

பனி விழுவது கனடாவிலும் நோர்வேயிலும். எங்கள் குளிர் கார்த்திகை, மார்கழியின் வாடைக்காற்றும் மழையும்தான். கடல் கொந்தளித்தால் நெடுந்தீவுப் படகு குறிகட்டுவானில் கட்டியபடி கிடக்கும். கடல்நீரேரிக்குப் பூநாரைகள் வரும். பிள்ளை இதையே செய்யட்டும்.

ஆங்கிலத்தில் இதற்கு மொபைல் என்று பெயர். தொலைபேசி அல்ல! கால்டர் என்ற அமெரிக்கச் சிற்பியின் அசையும் ஆக்கங்களுக்கு 1931 இல் வைத்த பெயர்.

இரண்டு ஈர்க்கு, பனங்குருத்தோலை, கரையில் பொறுக்கிய சிப்பி, பழைய தங்கூசி போதும். ஓலையை ஊறவைத்தால் மடிக்கும்போது வெடிக்காது. பூநாரையும் படகும் அதில் செய்யலாம். சிப்பிதான் மழைத்துளி. ஆணி அடித்தால் உடையும். முதுகுப் புடைப்பைச் சீமெந்தில் தேயுங்கள், துளை விழும்.

கீழ் ஈர்க்கை முதலில் கட்டி, அதை மேல் ஈர்க்கின் ஒரு நுனியில் தொங்கவிடுங்கள். மறு நுனிக்குப் படகு. சாய்ந்தால் நடுமுடிச்சைப் பாரமான பக்கம் நகர்த்த வேண்டும். இதை மட்டும் நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். பிள்ளையே தள்ளித் தள்ளிப் பார்க்கட்டும், தராசுப் பாடம் அங்கேதான் இருக்கிறது. சமனானதும் முடிச்சில் ஒரு சொட்டுப் பசை.

பாடசாலைக்குப் பையில் வைத்து அனுப்பினால் தங்கூசி சிக்கிவிடும். சப்பாத்துப் பெட்டி நல்லது.