வீங்கிய மூட்டைக் கைப்பேசி தொட்டுப் பார்க்குமா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களுக்கு மூட்டுவலி வந்தால் டாக்டரிடம் போகத் தேவையில்லை. கைப்பேசிச் செயலி கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும், நோயின் பெயர் வந்துவிடும், அரை நாள் கூலியும் மிஞ்சும். இப்படி ஒரு வாதம் அக்கறையின் குரலில் பேசப்படுகிறது. இதில் அக்கறை துளியும் இல்லை. உழைக்கிறவளுக்கு மருத்துவர் எதற்கு என்ற பழைய அலட்சியம்தான் இது.

செயலி டாக்டருக்கு நிகரானது என்கிறார்கள். ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய 23 செயலிகளை 45 நோயாளிகளின் மாதிரி விவரங்களைக் கொடுத்துச் சோதித்தார்கள். சரியான நோயை முதலிடத்தில் சொன்னது 34 விழுக்காடு முறைதான். மூட்டு நோய்க்கென்றே உருவான கருவியாவது தேறியதா? ஜெர்மனியில் மூட்டுவாத நிபுணர்களிடம் புதிதாக வந்த நோயாளிகளை வைத்துச் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். ரெப்போர்ட் என்ற கருவி, அழற்சி மூட்டுவாதம் இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைத் தவறவிட்டது. இல்லாதவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இருப்பதாகக் காட்டியது. பூவா தலையா போட்டுப் பார்த்தாலும் இதே பலன்தான்.

உடனே அடா என்ற இன்னொரு நோயறியும் செயலியை இழுப்பார்கள். ஜெர்மனியில் ஒரு சோதனையில் அது டாக்டர்களை வென்றது உண்மை. ஆனால் அங்கே டாக்டர்களுக்குக் கொடுக்கப்பட்டது எழுதிய விவரக் குறிப்பு மட்டுமே. நோயாளியைத் தொட்டுப் பார்க்கவோ, ரத்தப் பரிசோதனை கேட்கவோ வழியில்லை. டாக்டரின் கையைக் கட்டிவிட்டு நடத்திய போட்டியை ஆதாரமாகக் காட்டுவது நேர்மையா? இங்கிலாந்தின் பாபிலான் நிறுவனமும் 2018இல், தன் செயற்கை நுண்ணறிவு டாக்டர்களுக்கான தேர்வுக் கேள்விகளில் 81 விழுக்காடு வாங்கியதாக மேடைபோட்டு அறிவித்தது. 2023இல் அந்த நிறுவனமே நொடித்துப்போனது.

மூட்டுவாதத்தில் தொட்டுப் பார்ப்பது சம்பிரதாயம் அல்ல, அதுதான் நோயறிதலின் வாசல். ருமட்டாய்டு மூட்டுவாதத்தை வகைப்படுத்த உலகம் முழுக்கப் பின்பற்றும் 2010ஆம் ஆண்டு அளவுகோலின் முதல் நிபந்தனை, குறைந்தது ஒரு மூட்டிலாவது சவ்வு அழற்சியின் வீக்கத்தை மருத்துவர் நேரில் கண்டறிந்திருக்க வேண்டும் என்பதே. அதன் பிறகுதான் எத்தனை மூட்டு, ஆர்.எஃப்., ஆன்டி சி.சி.பி., ஈ.எஸ்.ஆர். போன்ற ரத்தப் பரிசோதனைகள், ஆறு வாரம் ஆனதா என்ற கணக்கெல்லாம். ஸ்டிச்சிங் பிரிவில் நாளெல்லாம் மெஷினில் உட்காருகிறவளுக்கு விரல் வலிப்பது வேலையாலா, வாதத்தாலா? மூட்டை அழுத்திப் பார்த்தால் கொழகொழவென்ற வீக்கமா, கெட்டியான எலும்பா என்று விரலுக்குத் தெரியும். கண்ணாடித் திரைக்குத் தெரியாது.

இதை வேலூர் வட்டாரத்துக்காரர்களான நம்மிடம் சொல்லவேண்டி வந்ததுதான் வேதனை. டாக்டர் பால் பிராண்ட் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, எந்தத் தசை செத்தது, எது உயிரோடிருக்கிறது என்று கண்டறிந்துதான் அறுவை சிகிச்சை செய்தார். பக்கத்துக் கரிகிரியின் தொழுநோய் மருத்துவமனையில் அந்தப் பணி வளர்ந்தது. 1964இல் இதே வேலூரில் பரவிய காய்ச்சலில் சிக்குன்குனியா வைரஸைப் பிரித்தெடுத்ததும் இங்கேதான். அந்தக் காய்ச்சல் போனபின் மாதக்கணக்கில் நிற்கும் மூட்டுவலி ருமட்டாய்டு போலவே தோன்றும். காசநோய் ஒற்றை மூட்டில் ஒளிந்திருக்கும். தொழுநோயும் கைகால் மூட்டு வீக்கமாக வெளிப்படுவதுண்டு. எந்தத் தெருவில் காய்ச்சல் பரவியது, அந்த வீட்டில் யார் டி.பி. மாத்திரை சாப்பிட்டார் என்று கேட்டறிவது உள்ளூர் மருத்துவருக்கு அன்றாட வேலை.

கூலி மிஞ்சும் என்ற வாதம்தான் ஆத்திரமூட்டுகிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளியிடம் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு 0.75 விழுக்காடு பிடிக்கிறார்கள். முதலாளி 3.25 விழுக்காடு கட்ட வேண்டும். அவள் இலவசம் கேட்கவில்லை. பணம் கட்டிய மருத்துவரைக் கேட்கிறாள். நோய்வாய்ப்பட்டு வேலைக்கு வர முடியாத நாட்களுக்கு 70 விழுக்காடு சம்பளம், ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. அதற்கு மருத்துவச் சான்று வேண்டும். செயலி காட்டும் முடிவை நீட்டினால் இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் யார் ஏற்பார்கள்? டிஸ்பென்சரியில் கூட்டம், காத்திருப்பு என்பதெல்லாம் உண்மைதான். அதற்குத் தீர்வு கூடுதல் டாக்டர்களும் ஷிஃப்ட்டுக்கு ஏற்ற நேரமும்தான்.

ஒன்றுமில்லாததற்கு இதாவது இருக்கட்டும் என்பது அவர்களின் கடைசி அஸ்திரம். தவறான பதில் ஒன்றுமில்லாததைவிடக் கெடுதல். ‘தேய்மானம்’ என்று திரையில் வந்தால் அவள் மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுவாள். வலி அமுங்கும், அழற்சி அமுங்காது. எலும்பு அரிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே தொடங்கிவிடுகிறது. அரித்த எலும்பு மீளாது. தையல் மெஷினில் ஷூவின் மேல்தோலைப் பிடிக்க முடியாத விரல்களுக்கு எந்தக் கம்பெனி வேலை கொடுக்கும்?

ஆகவே தொழிற்சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்: கம்பெனி வாசலில் செயலியை விளம்பரப்படுத்த வருகிறவர்களிடம், மாதம் ஒருமுறை மூட்டுவாத மருத்துவரை அழைத்து வரச் சொல்லுங்கள். வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு: காலையில் விரல்கள் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால், கணுக்கள் வீங்கினால், ஆறு வாரம் ஆகட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் கையை நீட்டுங்கள். காய்ச்சலோடு ஒரே மூட்டு சிவந்து வீங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.