பழைய ஸ்கேனரும் புதிய பாதையும்

ஜோகுபாளையத்தில் நாம் குடியிருக்கும் தெருவில் மூதாட்டி ஒருவர் வாழ்கிறார். அவருடைய கணவர் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்ட பின், பிழைப்பை நாடிப் பெங்களூருக்குக் குடிவந்த குடும்பங்களுள் அவர்கள் குடும்பமும் ஒன்று. மாரிகுப்பத்து வண்டியில் வேலைக்கு வந்து திரும்பும் தங்கவயல் தமிழரை, ரயில்வேயில் குமாஸ்தாவாகிய நாம் நன்கு அறிவோம்.

சென்ற மாதம் அவ்வம்மையார் ஒரு தகரப் பெட்டியுடன் நம் இல்லத்திற்கு வந்தார். கணவரின் வேலைச் சான்றிதழ், சம்பளச் சீட்டுகள், இரண்டு கடிதங்கள், சக தொழிலாளருடன் எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படம் ஆகியவை அதனுள் இருந்தன. மடித்த இடமெல்லாம் தாள் கிழிந்து, மை வெளிறிப் போயிருந்தது. “தம்பி, நான் இருக்கும்போதே இதெல்லாம் பேத்தி கைக்குப் போய்ச் சேரவேண்டும், ஆனால் மூலத்தைத் தபாலில் அனுப்ப எனக்கு மனமில்லை” என்றார்.

செல்போனில் படம் பிடித்தால் போதாதோ என்று அன்பர்கள் கேட்கலாம். அன்றாடக் காரியங்களுக்கு அதுவே போதும். ஆனால் மடிப்பு விழுந்த தாளில் நிழல் படியும், ஓரங்கள் வளையும், வெளிறிய மை மேலும் மங்கும். கண்ணாடியின் மேல் தாளைப் படுக்கவைத்து, சீரான ஒளியில் வரிவரியாகப் படித்தெடுக்கும் ஸ்கேனரே இத்தகைய ஆவணங்களுக்கு ஏற்றது.

நம்மிடம் ஒரு ஸ்கேனர் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் எஸ்.பி. ரோட்டில் மலிவாக வாங்கியது. ஆயினும் பழைய கணினி சென்ற ஆண்டு பழுதாகிப் போகவே, விண்டோஸ் 11 உள்ள புதியதொன்றை வாங்கியிருந்தோம். அதனுடன் இணைத்தபோது ஸ்கேனரின் விளக்கு எரிந்தது; கணினியோ அதனை இன்னதென்று அறியவில்லை. கடைக்காரரை வினவினோம். “தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்” என்றார். புதிதின் விலை நம் வீட்டு மாத மளிகைக் கணக்கை ஒத்திருந்தது. வெறுங்கையுடன் திரும்பினோம்.

யந்திரத்தில் குற்றமில்லை என்பதை அன்பர்கள் முதலில் உணர்தல் வேண்டும். மீட்டர் கேஜ் பாதையின் அகலம் 1,000 மில்லிமீட்டர். பிராட் கேஜின் அகலம் 1,676 மில்லிமீட்டர். பாதையை அகலமாக்கிய மறுநாள், நேற்றுவரை நன்றாக ஓடிய பெட்டி ஓடாது. பெட்டி கெட்டுவிட்டதா? இல்லை, பாதை மாறிற்று. ஸ்கேனரின் கதையும் இதுவே. கணினிக்கும் ஸ்கேனருக்கும் நடுவே துபாஷியாக நிற்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். பழைய ஸ்கேனர்களுடன் வந்த டிரைவர்கள் பெரும்பாலும் 32 பிட் விண்டோஸுக்கென எழுதப்பட்டவை. 64 பிட் விண்டோஸில் அவை இயங்கா. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11 முழுவதும் 64 பிட் வகையே. தயாரிப்பாளர் புதிய டிரைவர் எழுதித் தராவிடில், நல்ல யந்திரமும் ஊமையாகிவிடுகிறது.

இனி வழிகளைக் காண்போம்.

முதலாவது, தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில் விஸ்டா அல்லது விண்டோஸ் 7க்கான 64 பிட் டிரைவர் உள்ளதா என்று பாருங்கள். பல சமயங்களில் அதுவே விண்டோஸ் 10, 11 ஆகியவற்றிலும் வேலை செய்யும். டிரைவரை நிறுவிய பிறகே ஸ்கேனரை இணைத்தல் நலம். வேறு தளங்களில் இலவசமாகக் கிடைப்பதை நம்பி இறக்காதீர்கள். நாம் அவ்வாறு ஒன்றை இறக்கினோம். டிரைவர் வரவில்லை, விளம்பரங்களே வந்து குவிந்தன. அவற்றைக் களைய இரண்டு மாலைப்பொழுதுகள் பாழாயின.

இரண்டாவது, 1998 முதல் வெளிவரும் வியூஸ்கேன் என்னும் மென்பொருள். தயாரிப்பாளர் கைவிட்ட ஆயிரக்கணக்கான ஸ்கேனர்களை அது இயக்கவல்லது. விலை உண்டு. எனினும் இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம். சோதனையில் வரும் படத்தின்மேல் குறிகள் விழும். உங்கள் ஸ்கேனர் இயங்குகிறதென்று கண்ட பின்னரே பணம் செலுத்துங்கள்.

மூன்றாவது, செலவில்லாத வழி: லினக்ஸ். அதில் சேன் என்றொரு பொது ஏற்பாடு உண்டு. உலகெங்குமுள்ள தொண்டர்கள் பல பழைய ஸ்கேனர்களுக்குத் தாமே டிரைவர் எழுதி வைத்துள்ளனர். எது முழுமையாக இயங்கும், எது ஓரளவு இயங்கும், எது இயங்காது என்ற பட்டியலும் உண்டு. ஒவ்வொரு ஸ்கேனருக்கும் தயாரிப்பாளர் எண், மாடல் எண் என இரண்டு அடையாள எண்கள் இருக்கும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரிலேயே அவற்றைக் காணலாம். அவ்வெண்களைப் பட்டியலுடன் ஒப்பிட்டுப் பார்த்தல் முதற்கடமை. லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம்; உள்ளிருக்கும் விண்டோஸுக்கு ஊறு நேராது. நிறுவும்படி கேட்டால் மட்டும் வேண்டாமென்று விடுங்கள். நம் நாட்டிலேயே சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உண்டு. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு அதில் இடமுண்டு.

நம் ஸ்கேனர் மூன்றாம் வழிக்கே இசைந்தது; அதுவும் எளிதில் அன்று. ஜி.டி. 68 எக்ஸ்.எக்ஸ். என்னும் சில்லு வகையைச் சேர்ந்த மலிவு ஸ்கேனர்கள் சிலவற்றிற்குத் தம் வேலையை நினைவில் வைத்துக்கொள்ளும் திறன் இல்லை. மின்சாரம் பெறுந்தோறும் ஒரு சிறு கோப்பைக் கணினி அவற்றிற்கு ஊட்டவேண்டும். அக்கோப்பு தயாரிப்பாளரின் உரிமையாதலால் லினக்ஸுடன் சேர்ந்து வருவதில்லை. ஸ்கேனருடன் அன்று தந்த சி.டி.யில் இருக்கும். சி.டி.யைத் தேடி வீட்டைத் தலைகீழாக்கினோம். பழைய பஞ்சாங்கங்களுக்கு நடுவே அகப்பட்டது. புதிய கணினியில் சி.டி. போடும் வாயிலே இல்லை! அலுவலக நண்பரின் வீட்டிலிருந்த பழைய கணினியில் அக்கோப்பைப் பிரதி செய்து வந்து, சேன் குறிப்பிடும் அடைவில் இட்டோம். பென் டிரைவிலிருந்து தொடங்கும்போது இதனை ஒவ்வொரு முறையும் செய்தல் வேண்டும். செய்ததும் ஸ்கேனரின் உள்விளக்கு மெல்ல நகர்ந்தது. ஆகவே ஸ்கேனரின் சி.டி.யை எக்காரணத்தாலும் எறிந்துவிடாதீர்கள்.

சில சிறு குறிப்புகள். சில ஸ்கேனர்களின் அடிப்புறத்தில் பூட்டு இருக்கும். அதனைத் திறக்காவிடில் விளக்கு நகராது. கணினியிலேயே நேராக இணையுங்கள். பலவற்றைச் சேர்க்கும் ஹப் போதிய மின்சாரம் தராமல் போகலாம். எழுத்துள்ள தாளுக்கு 300 டி.பி.ஐ., புகைப்படத்திற்கு 600 டி.பி.ஐ. போதும். ஏ4 தாள் ஒன்று 300 டி.பி.ஐ. வண்ணத்தில் சுருக்கப்படாமல் ஏறக்குறைய 26 எம்.பி. இடம் கொள்ளும். படங்களை இரண்டு வேறு இடங்களில் சேமியுங்கள்.

அன்றிரவு அம்மையாரை அழைத்துக் காட்டினோம். புகைப்படத்தைத் திரையில் பெரிதாக்கியதும், இரண்டாம் வரிசையில் நின்ற ஒருவரை விரலால் தொட்டு, “இவர் என் அண்ணன். இந்தப் படத்தில் இருக்கிறார் என்பதே இத்தனை நாள் எனக்குத் தெரியாது” என்றார். பேத்திக்கு அன்றே யாவற்றையும் அனுப்பினோம். தகரப் பெட்டியை அவர் மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தார்.

நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தோரிடம் நிலமும் வீடும் இல்லாதிருக்கலாம். இத்தகைய தகரப் பெட்டி ஒன்று பெரும்பாலும் இருக்கும். பரணில் கிடக்கும் ஸ்கேனரை எறியுமுன் ஒரு விடுமுறை நாளை அதற்கென ஒதுக்குங்கள். மை நமக்காகக் காத்திராது.