தங்கத் தாளும் சுடுகாற்றும்

கார் என்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாயின் மேல் தங்கநிறத் தாளைச் சுற்றிவிட்டால் வண்டிக்குப் பலம் கூடிவிடும் என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சூடான காற்று லேசானது என்பது மெய்தான். 30 டிகிரியில் போகவேண்டிய காற்று 60 டிகிரியில் போனால் அதன் அடர்த்தி சுமார் 9 சதவிகிதம் குறையும். என்ஜினின் சக்தியும் குறையும். ஆனால் அந்தச் சூடு குழாயின் சுவர் வழியாகவா வருகிறது? 1 லிட்டர் என்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது, முழுக்க மிதித்தால், விநாடிக்கு ஏறக்குறைய 25 லிட்டர் காற்றை விழுங்குகிறது. குழாயைக் கடக்கக் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது. அதற்குள் எவ்வளவு சூட்டை வாங்கிக்கொள்ளும்?

ஐயா, குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்றல்லவா பார்க்கவேண்டும்? பெரும்பாலான கார்களில் அது வெளிக்காற்றை இழுக்கும்படியே தொழிற்சாலையில் அமைக்கிறார்கள். நம்மவர்கள் அதைக் கழற்றிவிட்டு, பானெட்டுக்குள்ளே திறந்த ஏர் பில்டரை மாட்டுகிறார்கள். அது ரேடியேட்டர் விடும் அனலைக் குடிக்கிறது. பிறகு தாள் சுற்றுகிறார்கள்! சாக்கடை நீரை மொண்டுகொண்டு குடத்தைத் துலக்குகிற காரியம் இது. நெரிசலில் வண்டி நிற்கையில் தாள் சூட்டைச் சற்றுத் தாமதப்படுத்தும், தடுக்காது.

மினுக்கத்துக்குக் காசு கொடுப்பவர்கள் கொடுக்கட்டும். அதைப் பலம் என்று சொல்லி, சம்பளக்காரப் பிள்ளைகளிடம் விற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.