தீராத வலிக்கு ஹிப்னாடிசம்: மருந்தா, மாயமா?

ஹிப்னாடிசம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு மேடைதான். கோட்டு போட்ட ஒருவர் "தூங்கு... தூங்கு..." என்று சொல்வார். கூட்டத்திலிருந்து மேலே வந்தவர் பச்சை வெங்காயத்தை ஆப்பிள் என்று நினைத்துக் கடித்துத் தின்பார். அரங்கமே கைதட்டிச் சிரிக்கும். சினிமாவிலோ வில்லன் ஒரு கடிகாரத்தை ஆட்டினால் போதும், கதாநாயகி அவன் சொல்வதையெல்லாம் செய்வாள்! இப்படிப் பார்த்துப் பழகியவர்களிடம் போய், "பல வருடமாக இருக்கும் முதுகுவலிக்கு ஹிப்னாடிசம் உதவும்" என்று சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

மறுபக்கம் விளம்பரங்கள் இருக்கின்றன. மூன்றே சிட்டிங்கில் எந்த வலியும் பறந்துவிடும், மாத்திரையே வேண்டாம் என்கிறார்கள். சிரிப்பவர்களும் தவறு, இப்படி விற்பவர்களும் தவறு. இரண்டுக்கும் நடுவில் உள்ள உண்மை, வலியோடு வாழும் மனிதர்களுக்குத் தெரிய வேண்டிய ஒன்று.

வலியை விடக் கொடுமையான சொல்

அடிபட்டால் வலிக்கும், காயம் ஆறினால் வலி போகும். இது உடம்பு அடிக்கும் அபாய மணி. ஆனால் மூன்று மாதத்துக்கு மேலும் விடாமல் இருக்கும் வலியை, அல்லது போய்ப் போய்த் திரும்ப வரும் வலியை மருத்துவர்கள் நாட்பட்ட வலி என்று தனியாகப் பிரிக்கிறார்கள். மூட்டுவாதம் போன்றவற்றில் அதற்குக் கண்ணுக்குத் தெரியும் காரணம் இருக்கும். வேறு பலருக்கோ தீ அணைந்த பிறகும் மணி மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும். நரம்புகளும் மூளையும் வலிக்குப் பழகி, சின்னத் தூண்டுதலுக்கும் பெரிதாகச் சத்தம் போட ஆரம்பித்துவிடும்.

இவர்களுக்கு மாத்திரை ஓரளவுதான் உதவும். சாதாரண வலி மாத்திரைகளையே வருடக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம். அபின் வகை மருந்துகளைத் தாராளமாக எழுதிக் கொடுத்ததால் 1990களின் இறுதியிலிருந்து அமெரிக்கா பட்ட பாடு உலகத்துக்கே தெரியும்.

ஆனால் வலியை விடக் கொடுமையான ஒன்று உண்டு. அதுதான் அடுத்தவர் நம்பாமல் போவது. எக்ஸ்ரே எடுத்தாயிற்று, ஸ்கேன் எடுத்தாயிற்று, "ஒன்றும் இல்லையே" என்று சொல்லியாயிற்று. அதன் பிறகு வீட்டில் ஆரம்பிக்கும் பேச்சு: "எல்லாம் மனசுதாம்மா காரணம். நாலு வேலையை இழுத்துப் போட்டுச் செய், சரியாயிடும்." வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வதும் நடக்கும். இப்படிப்பட்ட ஒருவரிடம் ஹிப்னாடிசம் செய்து பார்க்கலாமா என்று கேட்டால் அவருக்கு என்ன தோன்றும்? "அப்போ எனக்கு வலியே இல்லை, எல்லாம் கற்பனை என்கிறீர்களா?"

நியாயமான கோபம். வார்த்தையால் குறையும் வலி பொய் வலியா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால்தான் இந்த சிகிச்சையைப் பற்றி மேற்கொண்டு பேச முடியும்.

ஹூக்ளியில் நடந்தது

பதிலைத் தேட வெளிநாட்டுக்குப் போக வேண்டாம், வங்காளத்துக்குப் போனால் போதும். 1845-இல் கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் பணியாற்றினார். அப்போது மயக்க மருந்து நடைமுறையில் இல்லை. நோயாளியை ஆட்கள் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, நினைவோடு இருக்கும்போதே கத்தி வைப்பார்கள். அந்த ஏப்ரலில், விரைவீக்க சிகிச்சையின்போது வலியால் துடித்த ஒரு கைதிக்கு எஸ்டெய்ல் மெஸ்மரிசம் செய்து பார்த்தார். அதாவது உடம்பின் மேல் கைகளை நெடுநேரம் மெல்ல அசைத்து ஆளை ஒருவித உறக்க நிலைக்குக் கொண்டுபோகும் முறை. பலன் கிடைத்தது. அடுத்த சில மாதங்களில் 70-க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளை இப்படிச் செய்ததாக 1846-இல் வெளியான தன் புத்தகத்தில் எழுதினார். யானைக்கால் நோயால் வந்த பெரிய கட்டிகளை அகற்றியதும் அதில் அடக்கம்.

வங்காள அரசு ஒரு குழுவை அமைத்து நேரில் பார்க்கச் சொன்னது. குழு கண்ட ஒரு விஷயம் முக்கியமானது. சிலருக்குக் கத்தி படும்போது முகம் கோணியது, உடம்பு நெளிந்தது. ஆனால் விழித்ததும், நடந்தது எதுவும் தெரியாது என்றார்கள். எல்லோருக்கும் இது பலிக்கவும் இல்லை. அப்படியானால் அவர்கள் வலியை உணர்ந்தார்களா, இல்லையா? அன்றைக்கு யாராலும் சொல்ல முடியவில்லை.

அதே 1846 அக்டோபர் 16-ஆம் தேதி அமெரிக்காவின் பாஸ்டனில் ஈதர் கொடுத்து அறுவை சிகிச்சை செய்து காட்டினார்கள். அடுத்த வருடம் குளோரோஃபார்ம் வந்தது. சில நிமிடங்களில் எல்லோருக்கும் வேலை செய்யும் மருந்து இருக்கும்போது மணிக்கணக்கில் கையை அசைப்பானேன்? மெஸ்மரிசம் ஓரங்கட்டப்பட்டது. அறுவை சிகிச்சையைப் பொறுத்தவரை அது சரியான முடிவுதான். ஆனால் பத்து வருட முதுகுவலிக்காரரை நாள் முழுக்க மயக்கத்திலேயே வைத்திருக்க முடியுமா? அதனால்தான் நாட்பட்ட வலிக்கு இந்தப் பழைய கேள்வி மறுபடி தேவைப்படுகிறது.

மூளை சொன்ன பதில்

ஹூக்ளிக் குழுவின் புதிருக்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து ஒரு விளக்கம் கிடைத்தது. 1997-இல் கனடாவின் மான்ட்ரியலில் பியர் ரென்வில் குழுவினர் ஒரு சோதனை செய்து 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். ஹிப்னாடிச நிலையில் இருந்தவர்களின் கையைச் சுடுநீரில் வைக்கச் சொன்னார்கள். நீரின் சூடு மாறவில்லை, வார்த்தை மட்டும் மாறியது. ஒருமுறை, இது அவ்வளவாகத் தொந்தரவு தரவில்லை என்று சொன்னார்கள். இன்னொருமுறை, மிகவும் தொந்தரவு தருகிறது என்று சொன்னார்கள். மூளையை ஸ்கேன் செய்தபோது, "எங்கே, எவ்வளவு சுடுகிறது" என்று பதிவு செய்யும் பகுதியில் பெரிய மாற்றம் இல்லை. "ஐயோ, தாங்கவில்லையே" என்ற வேதனையோடு தொடர்புள்ள பகுதியில் செயல்பாடு கூடிக் குறைந்தது. வலியின் அளவே குறைகிறது என்ற மாதிரி வார்த்தையை மாற்றிச் சொன்னால், பதிவு செய்யும் பகுதியிலும் மாற்றம் வருவதைப் பிறகு 2001-இல் வெளியான ஆய்வில் பார்த்தார்கள்.

இதற்கு என்ன அர்த்தம்? வலி ஒற்றைச் சரக்கு அல்ல. உடம்பு அனுப்பும் செய்தி ஒன்று, அதனால் வரும் வேதனை இன்னொன்று. இரண்டும் மூளையில்தான் சேர்ந்து வலியாகின்றன. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் திருத்திய வரையறையும், வலி என்பது உணர்வும் உணர்ச்சியும் கலந்த அனுபவம் என்றுதான் சொல்கிறது. கால் முறிந்தவரின் வலியும் மூளையில்தான் உருவாகிறது. அதை யாரும் கற்பனை என்று சொல்வதில்லையே!

ஆக, வார்த்தையால் குறைந்தது என்பதற்காக ஒரு வலி பொய்யாகிவிடாது. அந்தச் சோதனையில் இருந்த சுடுநீர் உண்மையானது, சூடும் உண்மையானது. ஹிப்னாடிசம் வலியைப் பொய் என்று காட்டவில்லை. உண்மையான வலியையும் மூளை கூட்டவோ குறைக்கவோ முடியும் என்றுதான் காட்டியது.

சிகிச்சை என்றால் என்ன செய்வார்கள்?

மேடையில் நடப்பதற்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. இது தூக்கமும் அல்ல. கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவருக்குப் பேசுவது எல்லாம் கேட்கும், வேண்டாம் என்றால் எழுந்து போகலாம். கவனத்தை மற்ற எல்லாவற்றிலிருந்தும் விலக்கி ஓரிடத்தில் குவிக்கச் சொல்வார்கள். பிறகு வலிக்கும் இடத்தில் இதமான வெதுவெதுப்பு பரவுவதாக, வலி சற்றுத் தள்ளிப் போவதாக நினைக்கத் தூண்டுவார்கள். முக்கியமான பகுதி அதற்கு அப்புறம்தான். இதை வீட்டில் தானே செய்துகொள்ளக் கற்றுக்கொடுத்து, கேட்டுப் பழக ஒலிப்பதிவும் தருவார்கள். பிசியோதெரபியில் கற்றுத்தரும் உடற்பயிற்சி போலத்தான் இதுவும். பழகினால் பலன் உண்டு, விட்டால் இல்லை.

நல்ல ஆதாரம் இருக்கும் ஓர் இடம் குடல் எரிச்சல் நோய். ஸ்கேனில் எதுவும் தெரியாமல் வருடக்கணக்கில் வயிற்றுவலி கொடுக்கும் நோய் இது. 1984-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் என்ற மருத்துவர், வேறு சிகிச்சை எதற்கும் மசியாத 30 பேரிடம் ஆய்வு செய்து, ஹிப்னாடிசம் பெற்றவர்கள் நன்றாகத் தேறியதை 'லான்செட்' இதழில் எழுதினார். வயிற்றில் கையை வைத்து வெதுவெதுப்பை உணர்வது, தடையில்லாமல் ஓடும் ஆற்றைப் போலக் குடலை நினைத்துக்கொள்வது போன்றவை அங்கே வளர்ந்த முறைகள். 2008-இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, பன்னிரண்டு மாதம் மருந்து சாப்பிட்டும் குணம் தெரியாத இந்த நோயாளிகளுக்குப் பரிசீலிக்க வேண்டிய உளவியல் சிகிச்சைகளில் ஹிப்னோதெரபியையும் சேர்த்தது.

எல்லை எங்கே?

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். எல்லோரும் ஒரே அளவுக்கு இந்த நிலைக்குப் போவதில்லை. மிக எளிதில் ஆழ்ந்து போகிறவர்கள் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம், அநேகமாக எதுவுமே நடக்காதவர்கள் அதே அளவு, மற்றவர்கள் நடுவில். 2019-இல் 85 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், எளிதில் ஆழ்பவர்களுக்கு வலி 42 சதவீதமும், நடுத்தரமானவர்களுக்கு 29 சதவீதமும் குறைந்தது. ஆனால் அவை ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே உண்டாக்கிய வலிகள். வருடக்கணக்கான வலிக்கு நடந்த ஆய்வுகளில் பல சிறியவை. சும்மா இருப்பதை விட இது மேல் என்று அவை காட்டினாலும், தசைகளைத் தளர்த்தும் பயிற்சி போன்றவற்றை விட எப்போதும் மேல் என்று காட்டவில்லை.

அப்படியானால் எதற்கு இது? தளர்த்தும் பயிற்சி ஒருவருக்கு ஒத்து வரும், ஹிப்னாடிசம் இன்னொருவருக்கு ஒத்து வரும். நோயாளியின் கையில் கூடுதலாக ஒரு கருவி இருப்பதில் என்ன நஷ்டம்? இரவு இரண்டு மணிக்கு வலி வந்தால் அடுத்த மாத்திரைக்கு மணி பார்த்துக்கொண்டு கிடக்காமல், தானாகச் செய்துகொள்ள ஏதோ ஒன்று இருக்கிறது என்பதே பெரிய தைரியம்.

ஆபத்து சிகிச்சையில் இருப்பதை விட, அதை விற்பவர்களிடம்தான் அதிகம் இருக்கிறது. புதிதாக வந்த வலிக்கு முதலில் மருத்துவர்தான் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். நெஞ்சுவலியையோ கட்டியால் வரும் வலியையோ வார்த்தையால் அமுக்கி வைத்தால் உயிருக்கே ஆபத்து. சாப்பிடும் மருந்தைத் திடீரென்று நிறுத்தச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். முதுகுவலிக்குக் காரணம் முன்ஜென்மத்தில் இருக்கிறது என்று தோண்டுபவரிடமிருந்தும்தான். ஹிப்னாடிச நிலையில் நடக்காததெல்லாம் நடந்த மாதிரி "ஞாபகம்" வரக்கூடும். தீவிர மனநோய் உள்ளவர்களுக்கு மனநல மருத்துவரின் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது. செய்பவர் ஒரு மருத்துவராகவோ, முறையாகப் படித்த மருத்துவ உளவியலாளராகவோ இருக்க வேண்டும். வார இறுதியில் நடக்கும் இரண்டு நாள் வகுப்பின் சான்றிதழ் மட்டும் போதாது.

இந்தப் போலிகளை ஒழிக்க நல்ல வழி, மருத்துவமனைகளே இதை வலி சிகிச்சையின் ஒரு பகுதியாகக் கொடுப்பதுதான். எலும்பு மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், உளவியலாளர் மூவரும் ஒரே இடத்தில் இருந்தால் நோயாளி விளம்பரம் பார்த்து அலைய மாட்டார். இதற்கு விலை உயர்ந்த இயந்திரம் வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற ஓர் ஆள், அமைதியான ஓர் அறை, கொஞ்சம் நேரம் போதும். அரசு மருத்துவமனைகளின் கூட்டத்தில் அந்த நேரம்தான் கிடைப்பதற்கு அரியது என்பது உண்மை. ஆனால் அதே கூட்டத்தில் பாதிப் பேர் பழைய வலிக்குப் பழைய மாத்திரையையே வாங்க மாதாமாதம் வந்து நிற்கிறார்கள் என்றால், அந்த நேரமும் சேர்த்து வீணாகத்தானே போகிறது?

அதற்கு முன்னால் மாற வேண்டியது ஒரு வாக்கியம். "எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அனுப்புவதை மருத்துவரும் குடும்பமும் நிறுத்த வேண்டும். "வலி உண்மைதான். அதைக் குறைக்க மாத்திரை, உடற்பயிற்சி இவற்றோடு மனதையும் பயன்படுத்தலாம்" என்று சொல்லலாம். முதல் வாக்கியத்தைக் கேட்டவர் கதவை மூடிக்கொள்வார். இரண்டாவதைக் கேட்டவர் ஒருமுறை முயன்று பார்ப்பார்.