அணி தனி, களம் பொது: பெண்கள் மட்டும் உள்ள ரோபாட்டிக்ஸ் அணிகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளின் ரோபாட்டிக்ஸ் அணிகளுக்கு வழிகாட்டும் தன்னார்வலர்கள் நாங்கள். பெண்பிள்ளைகளுக்கென்று தனி அணி தேவைதானா என்று பெற்றோர்கள் ஒவ்வொரு பருவத்திலும் கேட்கிறார்கள். தேவை என்பதே எங்கள் பதில். அதே சமயம், அந்த அணிகள் எல்லோரோடும் ஒரே களத்தில், ஒரே விதிப்படி, ஒரே பரிசுக்குத்தான் மோத வேண்டும்.

பள்ளி அணிகள் மோதும் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டி எதிலாவது, பிட் எனப்படும் பழுதுபார்க்கும் இடத்துக்குள் எட்டிப் பாருங்கள். பல கலப்பு அணிகளில் டிரில்லும் ஆலன் கீயும் பையன்கள் கையில் இருக்கும். ஜாய்ஸ்டிக்கும் அவர்களிடம்தான். பொறியியல் நோட்டு, பேனர், ஸ்பான்சருக்கு நன்றிக் கடிதம் எல்லாம் பெண்பிள்ளைகள் தலையில். யாரும் கெட்ட எண்ணத்தோடு இப்படிப் பிரிப்பதில்லை. சின்ன வயதிலிருந்தே மோட்டாரைக் கழற்றி மாட்டிய பையன் முதல் நாளே வயரிங்கை எடுத்துக்கொள்கிறான். "உன் கையெழுத்து அழகா இருக்கு, நீ எழுது" என்று பக்கத்தில் இருப்பவளிடம் நோட்டு போய்விடுகிறது. ஜனவரியில் கிக்ஆஃப் எனப்படும் பருவத் தொடக்கம், மார்ச்சில் போட்டி. இடையில் ஆளை மாற்றிப் பழக்க எந்தப் பயிற்சியாளருக்கும் பொழுது இருப்பதில்லை. பெண்கள் மட்டும் உள்ள அணியில் இந்தச் சிக்கலே எழாது. வெல்டிங் முதல் நிரல் எழுதுவது வரை அவர்களே செய்தாக வேண்டும்.

பிட்ஸ்பர்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆதரவோடு 2010-இல் பிறந்த 'கேர்ள்ஸ் ஆஃப் ஸ்டீல்' இப்படி உருவான அணி. ஆப்கானிஸ்தானின் ஹெராத்திலிருந்து 2017-இல் வாஷிங்டனில் நடந்த ஃபர்ஸ்ட் குளோபல் போட்டிக்கு வந்த மாணவிகளையும் பலருக்கு நினைவிருக்கும். இரண்டு முறை விசா மறுக்கப்பட்ட பிறகே அவர்களால் வர முடிந்தது. 2020-இல் கொரோனா பரவியபோது, அந்த அணியினர் டொயோட்டா கொரோலா காரின் பாகங்களைக் கொண்டு வெண்டிலேட்டர் மாதிரி ஒன்றை உருவாக்கினார்கள்.

"நாளைக்கு வேலைக்குப் போனால் ஆண்களோடுதானே இருக்க வேண்டும்?" என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஃபர்ஸ்ட் போட்டியில் மூன்று அணிகள் சேர்ந்து ஒரு கூட்டணியாக ஆடுகின்றன. தகுதிச் சுற்றில் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும், பெரும்பாலும் முன்பின் தெரியாத இரண்டு அணிகளோடு உட்கார்ந்து வியூகம் பேசியாக வேண்டும். பையன்களோடு வாதாடும் பழக்கம் அங்கே தானாக வந்துவிடும்.

பெண்களுக்குத் தனிக் கோப்பை, தனித் தரவரிசை என்ற யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. சதுரங்கத்தில் பெண்களுக்கென்று தனிப் பட்டங்கள் உண்டு; அவை வேண்டுமா என்ற சர்ச்சை அங்கேயே ஓயவில்லை. அதை இங்கே இறக்குமதி செய்வானேன்?

பொதுப் பள்ளியின் பெயரில் இயங்கும் அணி பாலினத்தைக் காட்டி ஒருவரைத் தள்ளிவைத்தால், கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டின் டைட்டில் நைன் சட்டப்படி கேள்வி எழும். அத்தகைய பள்ளிகள் முன்கூட்டியே சட்ட ஆலோசனை பெறட்டும். பெண்கள் பள்ளி, ஆண்கள் பள்ளி அணிகள் மீது எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. இருபாலரும் படிக்கும் பள்ளியில் பையன்கள் மட்டுமே கொண்ட அணி "தானாக அமைந்துவிட்டது" என்றால் அதை ஏற்கமாட்டோம். ஏன் என்று கேட்போம். தன்னைப் பெண் என்று சொல்லிப் பெண்கள் அணியில் சேர வரும் எந்தப் பிள்ளையிடமும் சான்று கேட்கக் கூடாது.

கலப்பு அணிகளின் பயிற்சியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிக்ஆஃப் முடிந்த முதல் வாரத்திலேயே டிரைவர், வயரிங், நிரல், நோட்டு ஆகிய வேலைகளுக்குச் சுழற்சிப் பட்டியல் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டுங்கள். போட்டி நாள் வரை அதன்படி நடத்துங்கள்.