வெளிச்சம் செய்யும் சல்லடை

மெம்பரேன் என்றதும் நம்மில் பலருக்கும் ஞாபகம் வருவது ஆர்.ஓ. தண்ணீர் கேன்தான். அதைப் பற்றி ஒரு சேதி. 1960 வாக்கில் கலிபோர்னியாவில் லோப் என்பவரோடு சேர்ந்து, நடைமுறைக்கு ஒத்துவரும் ஆர்.ஓ. ஏட்டைச் செய்து காட்டிய சௌரிராஜன் இந்தியாவில் பிறந்தவர். நம் பாடப்புத்தகம் இதைச் சொல்வதில்லை. போகட்டும்!

அந்த வழியிலேதான் இன்றும் பெரும்பாலான வடிகட்டி ஏடுகள் தயாராகின்றன. பாலிமரைக் கரைப்பானில் கரைத்து, மெல்லிசாக இழுத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்குகிறார்கள். கரைப்பான் வெளியேற, தண்ணீர் உள்ளே புக, பாலிமர் துளைகளோடு உறைந்துவிடும். இதற்கு அதிகம் பயன்படும் கரைப்பான்களில் ஒன்று டி.எம்.எஃப். தோல் வழியாகவே உடம்புக்குள் போய் ஈரலைக் கெடுக்கக்கூடியது. நாளைக்கு டிப்ளமோ வாங்கிக்கொண்டு அந்தத் தொட்டிப் பக்கம் நிற்கப்போவது யார்? நாம்தானே!

இன்னொரு வழி இருக்கிறது. மெத்தாக்ரிலேட் மோனோமர், கிராஸ்லிங்கர், கொஞ்சம் போட்டோ இனிஷியேட்டர், இவற்றோடு வினையில் சேராத டெக்கனால் போன்ற ஓர் ஆல்கஹால். கலவையை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் விட்டு, 365 நானோமீட்டர் புற ஊதா ஒளியைக் காட்ட வேண்டும். இனிஷியேட்டர் உடைந்து சங்கிலிகள் கிளம்பும். வளர வளர அந்தப் பாலிமர், 'இந்த ஆல்கஹாலில் இனி கரைய மாட்டேன்' என்று தனியே பிரிந்து இறுகும். பிறகு மெத்தனாலில் கழுவினால் ஆல்கஹால் இருந்த இடமெல்லாம் துளை. அடுப்பு வேண்டாம், சூடு வேண்டாம். ஆல்கஹாலின் வகையையும் அளவையும் மாற்றினால் துளையின் அளவும் மாறும். உப்பை நீக்கும் ஆர்.ஓ. வேலைக்கு இது ஆகாது. புரதம் பிரிக்க, நுண்துகள் வடிகட்ட ஆகும்.

இது ஏதோ வெளிநாட்டு மாயம் என்று நினைக்காதீர்கள். திருப்பூரில் பனியனுக்கு ஸ்கிரீன் போடும் பையனைக் கேளுங்கள். பூசிய எமல்ஷனில் ஒளி பட்ட இடம் இறுகும், படாத இடம் தண்ணீரில் கழுவிப் போகும். கிட்டத்தட்ட அதே தத்துவத்தைத் தினமும் கையில் பிடிக்கிறான். நமக்கோ அது இரண்டு மார்க் கேள்வி!

வெளிச்சம் என்றதும் எல்லாம் சுத்தம் என்று நம்பிவிடவும் கூடாது. மெத்தனால் விஷம், புற ஊதா ஒளி கண்ணுக்கு ஆகாது, கழுவிய கழிவை எங்கே கொட்டுவது என்ற கேள்வியும் நிற்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டால் மேல்பக்கம் இறுகாமல் பிசுபிசுக்கும். கனமான பாளத்தின் அடிவரைக்கும் ஒளி எட்டாது. மெல்லிய ஏட்டுக்குத்தான் இது லாயக்கு. ஆனால் இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டால் மனசில் நிற்குமா? ஒரு தடவை பிசுபிசுத்தால்தான் நிற்கும்.

எங்க அப்பா சாயப்பட்டறையில் வெறுங்கையோடு வேலை பார்த்தவர். தொட்டியில் இருப்பது என்னவென்று அவருக்கு யாரும் சொன்னதில்லை, கேட்கவும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அதைக் கேட்கத் தெரிந்த முதல் ஆள் நான். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பாலிமர் லேப்பில் ஆண்டுதோறும் அதே பாகுநிலைச் சோதனையைத்தான் செய்கிறோம். அதில் ஒன்றைக் குறைத்துவிட்டு இதைச் சேர்த்தால் என்ன? ஒரு புற ஊதா விளக்கு, நாலு கண்ணாடித் தகடு, கண்ணாடி, கையுறை, கழிவுக்கு மூடி போட்ட ஒரு கேன். வரும் ஆண்டு பேரவை கொடுக்கும் கோரிக்கை மனுவில், கேண்டீன் விலைக்குக் கீழேயாவது இதையும் ஒரு வரி எழுதுங்கள். கையெழுத்துப் போட நான் முதலில் வருகிறேன்.

— மூன்றாம் ஆண்டு, பாலிமர் டெக்னாலஜி